குளத்தில் ஆமையை விட்டவன் எழுதுகிறேன்

போன மாதம் வண்ணமீன் தொட்டி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "வீட்டில் வளர்த்த சிவப்புக் காது ஆமையை மட்டும் தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு நாற்பதுக்கு மேல் கடிதங்கள். முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். வகுப்பில் ஒருநாளும் இத்தனை கைகள் உயர்ந்ததில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க ஆமைதான். பாம்புக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நான்கு வருஷம் முன்பு மகன் பிறந்தநாளுக்கு இரண்டு குட்டி ஆமைகள் வாங்கினோம். அப்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இப்போது டிபன் தட்டு அளவு. இரண்டு நாளில் தண்ணீர் நாறிப்போகிறது. ஊர்க் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார் மாமியார். நீங்களோ விடாதே என்கிறீர்கள். ஏன்?
— வாசகி, அம்பத்தூர்

அம்மா, உங்கள் மாமியார் சொல்கிற அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2009இல் என் மகள் ஆறாம் வகுப்பு. மீன் கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் பச்சைப் பொத்தான்கள் மாதிரி நீந்திக்கொண்டிருந்தவற்றைக் காட்டி, ஒன்று வேண்டும் என்று அடம். கடைக்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டி, "இவ்வளவுதான் சார் வளரும்" என்றார். விலங்கியல் வாத்தியாரான நானும் தலையை ஆட்டினேன். மகளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படித்ததெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது!

ஐந்து வருஷத்தில் அது துணி துவைக்கும் டப்பில் திரும்ப இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. நடுவில் ஒருமுறை மொட்டைமாடி விளிம்பிலிருந்து சன்ஷேடில் விழுந்து, ஓட்டின் பின்பக்கம் ஒரு துண்டு உடைந்தது. 2014இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மனைவி கற்பூரம் காட்ட, மகள் விசும்ப, எங்கள் ஊர்க் கோயில் குளத்துக் கீழ்ப்படியில் அதை இறக்கிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. மனசு லேசாக வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இனி நான் அன்றைக்கு மறந்திருந்த பாடம். கடைக்காரர்கள் ஸ்லைடர் என்று சொல்லும் இந்த ஆமைக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதையொட்டிய மெக்சிகோவின் வடகிழக்கு ஓரமும். நன்றாக வளர்ந்த பெண் ஆமையின் ஓடு ஓர் அடி நீளப் பள்ளிக்கூட அடிக்கோலுக்குக் கொஞ்சம்தான் குறையும். இருபது, முப்பது வருஷம் வாழும். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இவற்றால் சால்மொனெல்லா கிருமி தொற்றியதால், 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975இல் தடை போட்டார்கள். ஏற்றுமதிக்குத் தடை இல்லை. தன் பிள்ளைக்கு ஆகாததை ஊரான் பிள்ளைக்கு ஊட்டிய கதை. 1989க்கும் 1997க்கும் இடையில் மட்டும் 5 கோடியே 20 லட்சம் ஆமைகள் அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போயின. இன்றைக்கு உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்களின், அதாவது வெளியிலிருந்து வந்து பரவி உள்ளூர் உயிர்களைக் கெடுப்பவற்றின், பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது.

ஆமை என்ன செய்யும் பாவம், என்பீர்கள். அது சாப்பிடும், வெயில் காயும், முட்டையிடும். அவ்வளவுதான். ஆனால் ஒரு கோயில் குளத்தில் வெயில் காய எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாலு பக்கமும் செங்குத்துச் சுவர், ஒரு படித்துறை, நடுமண்டபத்தின் விளிம்பு, எப்போதோ விழுந்த ஒரு தென்னைமரம். ஆமைக்கு வெயில்தான் அடுப்பு. உடம்பு சூடேறினால்தான் தின்றது செரிக்கும், பாசியும் அட்டையும் உதிரும். பெரிய உடம்போடு முதலில் ஏறி உட்காருபவன், பின்னால் வருபவனை ஏறவிடமாட்டான். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான்.

உங்கள் இரண்டு ஆமைகளுக்கு இப்போதைக்கு என்ன செய்வது? கண்ணாடித் தொட்டியை மறந்துவிடுங்கள். பால்கனியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஏறி உட்கார இரண்டு செங்கல், பாதி வெயில், பாதி நிழல். உணவை வேறு வாளியில் போட்டுத் தின்னவிட்டு அப்புறம் தொட்டிக்கு மாற்றுங்கள். நாற்றம் பாதி குறையும். காய்ந்த இறாலை மட்டும் போடாமல் கீரையும் கொடுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள். தொட்ட கையை மகன் சோப்பு போட்டுக் கழுவட்டும். இதற்கு மேல் முடியாது என்றால், கடைசிவரை வைத்துக்கொள்ளும் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். மாவட்ட வன அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேரளத்தில் பீச்சியிலிருக்கும் வன ஆராய்ச்சி நிலையம், மக்கள் வீட்டில் வைத்திருக்கும் இந்த ஆமைகளைத் தானே வாங்கிக்கொள்ள முன்வந்தது. அப்படி ஓர் இடம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால் உங்கள் கடிதத்துக்கு நான் இரண்டே வரியில் பதில் எழுதியிருப்பேன்.

ஒரே ஒரு ஆமையை விட்டால் அது எப்படிப் பெருகும்? ஜோடி வேண்டாமா?
— வாசகர், பொள்ளாச்சி

ஜோடி வேண்டும்தான். ஆனால் பெண் ஆமை எப்போதோ சேர்ந்த ஆணின் விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்து, பிறகு முட்டையிடக்கூடியது. இன்னொன்று: இவற்றில் ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. முட்டைக்குழி 26 பாகை செல்சியஸில் இருந்தால் ஆண். 31 பாகைக்குப் போனால் பெண். நம் ஊர் சித்திரை வைகாசி மண்ணை யோசித்துக்கொள்ளுங்கள்.

"ஒரே ஒரு ஆமை" என்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லுக்குக் கீழே வருகிறேன்.

வெளிநாட்டு உயிரினம் என்றாலே கெட்டது என்று சொல்வது ஒரு ஃபேஷனாகிவிட்டது. மிளகாயும் உருளைக்கிழங்கும்கூட வெளிநாடுதான். இந்த ஆமையால் மற்ற ஆமைக்குக் கெடுதல் என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?
— ஆசிரியர், கோவை

நல்ல கேள்வி, ஐயா. மிளகாய் தானாக எழுந்து நடந்து வயல் மாறுவதில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டது அளவு.

பிரான்சில் காதி, ஜோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் திறந்தவெளிக் குட்டைகளில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஐரோப்பியக் குளத்து ஆமைகள் மட்டும். இன்னொரு பக்கம் அவற்றோடு சிவப்புக் காது ஆமைகளும் கலந்து. வெயில் காய நல்ல இடங்களை வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், உள்ளூர்க்காரர்கள் மோசமான இடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 2003, 2004இல் முடிவுகள் வெளிவந்தன. கலந்து வைத்த குட்டையில் உள்ளூர் ஆமைகள் எடை குறைந்தன, அதிகமாகச் செத்தன.  வெயில் காயும் இடம் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது எனக்குப் பிடித்த உதாரணம், தாமரை. ஜப்பானில் சசயாமா கோட்டை அகழியில் ஒரு காலத்தில் தண்ணீர் தெரியாத அளவுக்குத் தாமரை. அது முழுக்க அழிந்துபோனது. இந்த ஆமைகள் இளந்தண்டையும் குருத்தையும் தின்றுவிடுகின்றன என்று கண்டுபிடித்து, பிடித்து அகற்றிய பிறகு தாமரை திரும்ப வந்தது. குட்டியாக இருக்கும்போது புழுவும் மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் தின்னும். வளர வளரத் தழைக்கும் தாவும். அசைவத்திலிருந்து கலப்பு உணவுக்கு வயதானபின் மாறுவது நம்மில் பலருக்கும் நடப்பதுதான்.

ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016இல் போட்ட கணக்குப்படி, அந்த நாட்டு நீர்நிலைகளில் சுமார் 80 லட்சம் சிவப்புக் காது ஆமைகள். அங்கே இதற்கு மிதோரிகாமே, அதாவது பச்சை ஆமை என்று செல்லப்பெயர். எண்பது லட்சமும் திருவிழாக் கடையிலும் மீன் கடையிலும் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்ததில் தொடங்கியவை.

எங்கள் ஊர்க் கண்மாயில் நீங்கள் சொன்ன ஆமை ஒன்றைப் பிடித்துவிட்டோம்! தலையில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. படம் இணைத்துள்ளேன். கொன்றுவிடலாமா?
— கல்லூரி மாணவர், ராமநாதபுரம் மாவட்டம்

தம்பி, கையில் இருப்பதைக் கீழே வை. கடிதம் வந்த அன்றே உன் எண்ணுக்குப் போன் பண்ணி இதைத்தான் சொன்னேன். ஆனால் உன்னைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

நீ பிடித்தது நம் ஊர்க் குளத்துக் கருப்பாமை. தென்தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் வகையின் கருந்தலையில் ஆரஞ்சு, சிவப்புப் புள்ளிகள் இயற்கையாகவே இருக்கும். வேண்டாதவனைத் தேடிப்போய் வீட்டுக்காரனின் கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகியிருக்கும்.

எப்படி வித்தியாசம் பார்ப்பது? சிவப்புக் காது ஆமையின் சிவப்பு, புள்ளி அல்ல, பட்டை. கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தை விரலால் இழுத்த மாதிரி ஒரே ஒரு பட்டை. கழுத்திலும் காலிலும் பச்சையும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள். அடிவயிற்று ஓடு மஞ்சள், அதில் மை கொட்டியது போல் கறுப்புத் திட்டுகள். நம் கருப்பாமைக்குக் கழுத்தில் கோடு கிடையாது. முதுகோட்டில் நீளவாக்கில் மூன்று மேடுகள் ஓடும், தடவினாலே தெரியும். இன்னொரு உள்ளூர்க்காரன் பாலாமை. அதன் ஓடு தோல் போர்த்தது, மூக்கு குழாய் மாதிரி நீண்டிருக்கும், பின்னங்காலை உள்ளே இழுத்துக்கொண்டால் அடியில் இருக்கும் மடல்கள் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். செத்த மீனையும் நத்தையையும் தின்று குளத்தைப் பெருக்கித் துடைப்பவன் அவன்.

ஒரு எச்சரிக்கை. வயதான ஆண் சிவப்புக் காது ஆமைக்கு உடம்பு கறுத்து, சிவப்பே மங்கிப்போகும். அப்போது முன்னங்கால் நகத்தைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது ஊசி மாதிரி நீளம். சந்தேகம் இருந்தால் படம் மட்டும் எடு, ஆமையை விட்டுவிடு. உள்ளூர் ஆமையைப் பிடித்து வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்றால் நீதிபதி சிரிக்கமாட்டார்.

எங்கள் ஊர் ஏரியில் இந்த ஆமைகள் உள்ளன என்று வன அலுவலரே உறுதி செய்துவிட்டார். பிடிக்க அனுமதியும் கிடைக்கும் போலிருக்கிறது. எப்படிப் பிடிப்பது?
— ஊராட்சி உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்

இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல முடியும். கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

2022 மார்கழியில் ஒருநாள் காலை நடைக்குப் போனபோது, எங்கள் குளத்தில் விழுந்து கிடக்கும் தென்னைமரத்தில் மூன்று ஆமைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றுக்கும் கன்னத்தில் சிவப்பு. நான் விட்டது ஒன்று. மீதி இரண்டு யாருடையது? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நீங்க மட்டும்தான் புண்ணியவானா?" என்று கேட்டாள்.

வனத்துறையில் எழுதிக் கொடுத்து, அலைந்து, நாலு மாதத்துக்கு அனுமதி வாங்கினேன். அனுமதி கட்டாயம் வேண்டும். காரணம், நீங்கள் எதைக் குறிவைத்துப் பொறி வைத்தாலும் உள்ளூர் ஆமையும் அதில் மாட்டத்தான் செய்யும்.

முதல் முயற்சி, மீன் பிடிக்கும் பறி. மூங்கில் பறிக்குள் கோழிக்குடலைத் துணியில் கட்டி வைத்து, மாலையில் இறக்கினேன். முழுக்க மூழ்கும்படி கட்டிவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் ஆமை இல்லை. ஒரு தண்ணீர்ப் பாம்பு உள்ளே மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தது. பறி பின்னிக் கொடுத்த மீன்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "சார், ஆமைக்கும் பாம்புக்கும் மூச்சு விடணும்ல? காலி பாட்டில் ரெண்டு உள்ள போட்டுக் கட்டுங்க. பறி பாதி மேல நிக்கும்." முப்பத்தோரு வருஷம் சுவாச மண்டலம் நடத்தியவனுக்கு இந்தப் பாடம்.

அப்புறம் செய்தது வெயில் காயும் பொறி. இதுதான் நன்றாக வேலை செய்தது. நாலு அங்குல பிளாஸ்டிக் குழாயை முழங்கை இணைப்பு போட்டு ஒரு மீட்டர் சதுரமாக ஒட்டுங்கள். அது மிதக்கும். சதுரத்துக்குள் வலையைப் பை மாதிரி கீழே தொங்கவிடுங்கள். வெளிப்பக்கம் ஆமை ஏறுவதற்குத் தென்னைமட்டையைச் சரிவாகக் கட்டுங்கள். உள்பக்கம் வழவழவென்று இருக்கட்டும். ஆமை ஏறி விளிம்பில் உட்கார்ந்து வெயில் காயும். ஆள் வரும் சத்தம் கேட்டால் பொத்தென்று சறுக்கி விழும். ஸ்லைடர் என்ற பெயரே அதனால்தான் வந்தது. பாதி வெளியே விழும், பாதி வலைக்குள் விழும். வலைக்குள் விழுந்தது வழுக்கும் குழாயில் ஏற முடியாது. ஆனால் தலையை நீட்டி மூச்சு விடும்.

பொறி வைத்த முதல் வாரம் கதவே இல்லாத சத்திரம் மாதிரி ஏறி இறங்கிப் போகும். பழகட்டும் என்று வலையைக் கட்டாமல் விட்டுவையுங்கள். பிறகு காலை ஒருதரம், மாலை ஒருதரம் கட்டாயம் பார்க்க வேண்டும். மாட்டிய உள்ளூர் ஆமையை அங்கேயே, அப்போதே விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று இருந்துவிட்டால் வலைக்குள் வெயிலில் வாடிவிடும். எனக்கு மாட்டியவற்றில் உள்ளூர்க்காரர்களே அதிகம். அதைக் கண்டு சலிக்கக் கூடாது.

வைகாசியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் வீச்சுவலை போட்டு மேலும் இரண்டு கிடைத்தன. உங்கள் ஏரிக்கும் கோடைதான் நல்ல காலம். முட்டைக்குழியையும் தேடுங்கள்; கரையிலிருந்து சில அடி தள்ளி, வெயில் படும் இளகிய மண்ணில் பின்னங்காலால் தோண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குட்டைகளை வடித்தும், பழக்கிய மோப்ப நாய்களை விட்டுத் தேடியும் பிடித்தார்கள். நம்மிடம் மோப்ப நாய் இல்லாவிட்டாலும் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நாலு மாதத்தில் எங்கள் ஒரு குளத்தில் கிடைத்தது ஏழு. எல்லாம் பெரிய ஆமைகள், குட்டி ஒன்றுகூட இல்லை. அதாவது குளத்தில் பிறந்தவை அல்ல. ஏழும் ஏழு வீட்டிலிருந்து வந்தவை. ஒவ்வொரு வீடும் "ஒரே ஒரு ஆமைதானே" என்று சொல்லிக்கொண்டு, கற்பூரம் காட்டி, படியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. பொள்ளாச்சி வாசகருக்கு இதுதான் நான் பாக்கி வைத்த பதில்.

ஆமை வளர்த்தால் அதிர்ஷ்டம் என்று விற்கிறார்களே?
— வாசகி, திருப்பூர்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர் இது. திடீரென்று சீன வாஸ்து வந்து, அதே ஆமை வரவேற்பறையில் வடக்குப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. பழமொழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றை நம்பியே தீர வேண்டுமென்றால், பழையதை நம்புங்கள், செலவு குறைவு.

சிங்கப்பூரில் விசாக தினத்தில் பலர் ஆமைகளை நீர்த்தேக்கத்தில் விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் அம்மா இன்றும் அது நல்ல காரியம் என்றே நம்புகிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
— வாசகி, சிங்கப்பூர்

உங்கள் ஊரில் வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதித்த மிகச் சில ஊர்வனவற்றில் இது ஒன்று. ஆகவே கடையில் சுலபமாகக் கிடைத்தது, கிடைத்ததால் விடப்பட்டது. அங்கே தேசியப் பூங்கா வாரியமும் தன்னார்வலர்களும் விசாக தினத்தையொட்டி நீர்த்தேக்கங்களிலும் பூங்காக்களிலும் நின்று, விட வருபவர்களிடம் பேசி அனுப்புகிறார்கள். அனுமதியில்லாமல் விடுவது சட்டப்படியும் குற்றம்.

அம்மாவிடம் சட்டத்தைப் பேசாதீர்கள். அம்மாக்கள் சட்டத்துக்குப் பயப்படுபவர்கள் அல்ல. விடுவதற்கென்றே வாங்குகிறோம், வாங்குவதற்கென்றே அவற்றைப் பண்ணையில் பொரிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஒன்றை விடுவிக்க ஒன்பதைச் சிறைப்பிடிக்கக் காசு கொடுக்கிறோம். தொட்டியில் கடைத்தீனி தின்று வளர்ந்தது, நீர்த்தேக்கத்தில் பசியாலோ நோயாலோ சாகலாம். தப்பிப் பிழைத்தால் அங்கே ஏற்கெனவே இருப்பவற்றின் இடத்தைப் பிடிக்கும். விசாக தினத்தன்று ஒரு வேளை சைவம் சாப்பிட்டால் அதைவிட அதிக உயிர்கள் பிழைக்கும் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

கடையில் விற்பதைத் தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
— வாசகர், திருச்சி

பாதி தீரும். மீதிப் பாதிக்கு ஐரோப்பாவைப் பாருங்கள். 1997இல் சிவப்புக் காது ஆமையின் இறக்குமதியை அங்கே தடுத்தார்கள். வியாபாரிகள் உடனே மஞ்சள் வயிற்று ஆமை என்ற அதன் தம்பியைக் கொண்டுவந்து விற்றார்கள். காது வேறு, குணம் ஒன்றுதான். 2016இல்தான் அந்த இனம் முழுவதையும் சேர்த்துத் தடைப் பட்டியலில் போட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்ததில் பத்தொன்பது வருஷம் போய்விட்டது.

ஜப்பான் வேறு வழி எடுத்தது. அங்கே இவ்வளவு வீடுகளில் இருக்கும் ஆமையைத் திடீரென்று குற்றமாக்கினால், மறுநாள் காலை எல்லாம் குளத்துக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். ஆகவே 2023 ஜூன் 1 முதல் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது, வெளியே விடக் கூடாது. விட்டால் மூன்று வருஷம்வரை சிறை. மனித சுபாவம் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் என்று எனக்குத் தோன்றியது.

நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம், அயல் ஊடுருவல் உயிரினங்களின் இறக்குமதி, வளர்ப்பு, விற்பனையைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதிகாரம் தாளில் இருக்கிறது. சென்னை, திருச்சி விமான நிலையங்களிலோ பெட்டிக்குள் குட்டி ஆமைகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்ட செய்தி அவ்வப்போது வருகிறது. பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது எங்கே போகிறது என்பதை உங்கள் ஊர் மீன் கடையில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவன். ஆனால் பிடித்த ஆமைகளை என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுவதில்லை. பெருமாளே எடுத்த அவதாரம் அது. கொன்றீர்களா?
— வாசகர், ஸ்ரீரங்கம்

மறைக்க நினைக்கவில்லை ஐயா; கேட்கும்வரை காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழில் மூன்று, நான் வேலை பார்த்த கல்லூரியின் சிமென்ட் தொட்டியில் இருக்கின்றன. சுற்றிலும் கம்பிவலை. மூன்றும் ஆண். மீதி நாலும் பெண். இரண்டு வாரம் எல்லோரிடமும் கேட்டேன். வாங்கிக்கொள்வதாகச் சொன்ன இருவர் வந்து அளவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மறுபடியும் ஏதாவது ஒரு குளத்துக்குப் போய்விடும் என்று தெரிந்து யாரிடமும் தள்ளிவிட மனம் வரவில்லை. கடைசியில் கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொன்றாக நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கனமாக இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தக் குளத்துப் பக்கம் போகவில்லை. பாவமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அது ஊசி போட்ட அன்று நடந்த பாவம் அல்ல. 2014இல் ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரத்தோடு நடந்தது. அதற்கும் முன்னால், கடையில் நான் தலையாட்டியபோது நடந்தது. அந்த ஆமைகள் யாரிடமும் எங்களை மிசிசிப்பியிலிருந்து கொண்டுவா என்று கேட்கவில்லை. உள்ளே குளத்தின் சேற்றில் கிடக்கும் பாலாமையும் எதுவும் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் வேறு போக்கிடம் இல்லாத வீடு அது.

யாராவது வீட்டிலேயே கொன்றுவிடலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். ஆமை சாவது மெதுவாக. தெரியாமல் செய்தால் அது சித்திரவதை. மருத்துவரிடம் மட்டும்தான்.

ஓடு உடைந்த உங்கள் வீட்டு ஆமை அந்த ஏழில் இருந்ததா?
— பள்ளி மாணவி, மயிலாடுதுறை

இல்லை, கண்ணு. ஏழையும் புரட்டிப் பார்த்தேன். எதற்கும் பின்னோடு உடைந்திருக்கவில்லை.

என் மகளிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிப்பா, நான் ஊருக்கு வரும்போது நாம ரெண்டு பேரும் போய்ப் பார்க்கலாம்" என்றாள். அனுமதி முடிந்துவிட்டதால் மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பொறியின் வலையில் இரண்டு இடத்தில் எலி கடித்திருக்கிறது. இந்த வாரம் பின்ன வேண்டும்.